மூன்று இருந்தால் மட்டும்

இந்த ஊருக்கே இரண்டு பெயர்.
பீல் என்பார் பாதிப் பேர், பியென் என்பார் மீதி.
தெருப்பலகை இரண்டையும் சொல்லிவிட்டு
எவர் பக்கமும் சாயாமல் நிற்கும்.
இப்படிப்பட்ட ஊரில்
எங்கள் குடியிருப்பின் விக்கிக்குப் பகுப்பு வைக்கும் வேலை,
கூட்டத்துக்குப் பிந்திப் போனதால்
என் தலையில் விழுந்தது.

ஆறு மாடி, நாற்பத்தெட்டு வீடு.
யாரும் எழுதலாம். எழுதியிருந்தார்கள்:
சலவை அறைச் சாவி கைமாறும் கிழமைகள்,
குப்பைப் பைக்கு எந்த முத்திரை,
ஏணி யாரிடம்
(சூர்புக்கன் வீட்டில். கேட்டால் தருவார், மறுநாளே திரும்பக் கேட்பார்),
ஷூஸ் ஆறு பெருகினால் சைக்கிளை எங்கே ஏற்றுவது.
ஒரே சாக்கில் கொட்டிய மரக்கறி மாதிரி
எல்லாம்.

"புதிதாக வருகிறவருக்கு
எதைத் தேடுகிறோம் என்றே தெரியாது.
கதவுகளைக் காட்டு" என்றாள்
செயலாளர் ரெகுலா.
"ஆனால் மூன்று பக்கமாவது சேராத பகுப்பை
முகப்பில் விடாதே. ஆட்கள் களைத்துப்போவார்கள்."
நியாயம்தான்.
அமைப்பில் அந்த எண்ணை இட்டேன்: 3.

பின்னேர வேலை முடிந்து வந்து
காலைக் கதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு
பகுத்தேன்.
பகு என்ற சொல்லுக்குள்ளேதான் பங்கும் இருக்கிறது, பகிர்வும் இருக்கிறது,
வெட்டுகிற கைதான் கொடுக்கிறதும்
என்று ரெகுலாவிடம் பெருமையாகச் சொன்னேன்.
"ஜெர்மனிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான்" என்றாள்.
கொஞ்சம் ஏமாற்றம்.

ஏணி, கருவிகளுக்குள் போனது.
புறாக்கள், முறைப்பாடுகளுக்குள்.
சூர்புக்கனுக்கே தனியாக ஒன்று வைக்கக் கை துடித்தது,
அடக்கிக்கொண்டேன்.

பகுக்கப்படாதவை என்ற பட்டியலின் ஆக அடியில்
பெயரில்லாமல் ஒரு பக்கம், இவ்வளவுதான்:
'மூன்றாம் மாடிக் குசினியில்
இரவு இரண்டு மணிக்கு வெளிச்சம் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.
அது நான்.'

மின்சாரத்தில் போட்டேன், எடுத்தேன்.
இரைச்சலில் போடப் பார்த்தேன்.
வெளிச்சம் இரையாது.
ஆட்களில் போட ஒரு பெயர் வேண்டும்.
உலகம் முழுவதையும்
உயர்திணை, அஃறிணை என்று இரண்டே துண்டாக்கிய மொழி
என்னுடையது.
அதை வைத்துக்கொண்டு
இந்த ஒரு பக்கத்துக்கு இடம் தேடி
எழும்பி ஜன்னலடிக்குப் போனேன்.
முற்றத்து மரத்தின் ஒரு பக்கத்து இலைகள் மட்டும்
மஞ்சளாக இருந்தன.
நேரம் பார்த்தேன்: இரண்டே கால்.
அப்படியென்றால் நானும்.

புதிய பகுப்பு: விழித்திருப்போர் (1).
முகப்பில் தெரியவில்லை.
மறுநாள் நானே எழுதினேன்:
'ஐந்தாம் மாடி, இடது கதவு.
வேலையால் வந்தால் நித்திரை வராது. இது நான்.'
(2).
இன்னும் தெரியவில்லை.
வருகிறவர் எல்லாரும் குப்பைக்கும் சாவிக்கும் போய்வந்தார்கள்.
மூன்று கிழமை போனது.
என் பக்கத்தை ஒருவர்
ஒவ்வோர் இரவும் ஒருமுறை திறந்திருந்தார், கணக்குக் காட்டியது.
ஒன்றும் எழுதவில்லை.

மார்கழிப் பனி இறங்கிய கிழமை
பராமரிப்பாளர் அம்ஸ்டுட்ஸ் எழுதினார்:
'நிலக்கீழ் அறைக் கொதிகலன்.
குளிர் முடியும்வரை தூங்காது.
சுவருக்குள் யாரோ தட்டுவது போலக் கேட்டால் இதுதான்.
பாவம், பழையது.'
பகுப்பையும் அவரே போட்டிருந்தார்.

ஓர் என்ற ஈறு உயர்திணைக்கே உரியது.
இலக்கணம் கொதிகலனை உள்ளே விடாது.
அழிக்கும் பொத்தான்மேல் விரல் வைத்திருந்தேன்,
கீழே எங்கோ குழாய் இரண்டு தரம் தட்டியது.
விட்டுவிட்டேன்.
எண்ணுக்கு மூன்று.

இன்று தமிழ் முகப்பில்
விருந்தினர் வாகனத்துக்குக் கீழே, வெந்நீருக்கு மேலே,
அது வந்துவிட்டது.
முந்தாநாள் ஆறாம் மாடிக்குக் குடிவந்தவரின்
முதல் சொடுக்கு அதில்தான்.
இரவு இரண்டு பத்து.

வெந்நீரைத் தேடிப் போய்
விரல் வழுக்கியும் இருக்கலாம்.