உடனே தராது

மரத்தால் செய்த ஜெட் என்றபோது
எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை.
மூக்கிலிருந்து என் முதுகு வரை
பால்சா மரமும் ஒட்டுப்பலகையும்தான்,
இறக்கையும் இரட்டை வாலும் மட்டும் அலுமினியம்.
ஐப்பசி மழை முடிந்த கையோடு
லாஸ்பேட்டைக் கொட்டகையில் தாரகை
ஐந்து ரூபாய் நாணயத்தால்
அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்பாள்,
பலாப்பழம் வாங்க வந்தவள் மாதிரி.
சத்தம் மந்தமான இடத்தில் சாக்பீஸ் வட்டம்.
வட்டம் விழுந்தால் அன்றைக்குப் பாடம் இல்லை.

அவளுக்கு இருபத்தேழு. கடலூர் ஓ.டி.
எனக்கு அறுபத்தொன்று.
பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம்
விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றியவன்.
ஊற்றினேன், ஏறியதில்லை.
யூரோவில் வரும் பென்ஷனை
மற்ற சொல்தாக்கள் மாடி மேல் மாடியாகக் கட்டுகிறார்கள்.
நான் எரிக்கிறேன்,
நிமிஷத்துக்கு இருபது லிட்டர்.
ஃபிலோமின் இதை யாரிடமும் சொல்லவில்லை,
பாவசங்கீர்த்தனத்தில் தவிர.

உள்ளே இரண்டு பேர் தோளோடு தோள்,
ஷேர் ஆட்டோவின் பின்சீட்.
விமானத்துக்கு ரத்தக்காட்டேரியின் பெயர்,
எஞ்சினுக்குக் குட்டிச்சாத்தானின் பெயர்.
பெயர் வைத்தவன் மேல் எனக்கு மரியாதை உண்டு.
"கேட்டா உடனே தராது, முசியே.
வேணும்னு தோணுறதுக்கு முன்னாடியே கேளுங்க.
மெதுவா. வெடுக்குனு கேட்டா அணைஞ்சு போயிரும்."

தள்ளினேன்.
ஒன்றுமில்லை.
இன்னும் ஒன்றுமில்லை.
ஓடுபாதை ஓரத்து நாய் எழுந்து
சோம்பல் முறித்து
மறுபடி படுத்தது.
பிறகு, முதுகில் ஒரு கை.

பஸ்ஸில் கடலூருக்கு ஒரு மணி நேரம்,
ரெட்டிச்சாவடியில் மாட்டினால் ஒன்றே கால்.
இன்றைக்கு மூன்று நிமிஷம்.
சுண்ணாம்பாறு, பெண்ணையாறு, கெடிலம்,
பெயர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது.
சத்தமெல்லாம் பின்னால் தங்கிவிட்டது,
நாங்கள் இருந்த இடத்தில்
வேறு யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கோலின் தலையில் ஒரு சிவப்புப் பொத்தான்.
அதன் கம்பி எங்கும் போகவில்லை.
பீரங்கித் துளைகளைக் கட்டையால் அடைத்து
மேலே சாயம் பூசியிருக்கிறார்கள்.
சாயம் கலக்கியது நான்.
ஆனாலும் துறைமுகத்துக்கு வெளியே
வரிசையாக நான்கு விசைப்படகுகள்
நேர் எதிரே நீளவாக்கில் வந்தபோது
கட்டைவிரல் தானே போய் உட்கார்ந்துகொண்டது.
அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சாட் நாட்டு மணலில்
நிறைய ஊற்றி அனுப்புவேன்,
பாரம் இறக்கி, லேசாகித் திரும்பும்.
இறக்கையடிக் கரியைத் துடைப்பேன்,
பாட்டுப் பாடிக்கொண்டே.
எங்கே இறக்கியது என்று கேட்டதில்லை.

தாரகை என் கையைப் பார்த்தாள்.
"விரல எடுங்க."
"அது வேலை செய்யாதே."
"தெரியும். எடுங்க.
ரெண்டாவது எங்க மாமா படகு."

திரும்பும்போது ஓடுபாதை
பள்ளிக்கூடத்து அரை ஸ்கேல்.
வேகம் வடிந்துகொண்டே வந்தது.
கேட்க மறந்திருந்தேன். கேட்டேன்.
ஒன்று. இரண்டு.
ஏழில், மொட்டைமாடியில்
துணி காயப்போட்டவள் நிமிர்ந்தாள்.
ஒன்பதில், அவள் வாயில் கடித்திருந்த
கிளிப்பின் நிறம் தெரிந்தது.
பச்சை.
பத்தில் வந்தது அந்தக் கை.

மூன்று முறை குதித்து நின்றோம்.
குறிப்பேட்டில் எழுதினாள்: இறக்கம், ஒன்று.
"மத்த ரெண்டு?"
"அது தானா எறங்குனது. உங்க கணக்கு இல்ல."

எஞ்சின் சுழன்று அடங்கவே வெகுநேரம்.
நாணயத்தை எடுத்துக்கொண்டு
மூக்கிலிருந்து ஆரம்பித்தாள்,
டொக், டொக்.
மண்ணெண்ணெய் வாசனையில்
வெயிலில் நின்றிருந்தேன்,
கட்டைவிரலை
உள்ளங்கைக்குள் மடக்கி.