ஹச்சினர்ஜி

தாலின் நகரில் ஜனவரி.
நாலு மணிக்கே இருட்டு.
ஒரு காலத்தில் ஒட்டுப்பலகை அறுத்த ஆலை,
இன்று அதன் ஐந்தாம் மாடியில் மென்பொருள் கம்பெனி.
இப்போதும் அறுவைதான்,
பலகை மட்டும் இல்லை.

திங்கட்கிழமைக் கூட்டம்.
இயக்குநர் தார்மோ வீட்டிலிருந்து பேசுகிறார்,
கழுத்தில் கம்பளி, கையில் எலுமிச்சைத் தேநீர்.
"இந்தக் காலாண்டில் நமக்கு வேண்டியது
அணிகளுக்கிடையே ஒரு... ஒரு...
ஹச்
சினர்ஜி."

மற்றவர்கள் மைக்கெல்லாம் அணைந்திருந்தது.
யாரும் "தெர்விசெக்ஸ்" சொல்லவில்லை.
தும்மினால் அங்கே அதுதான் வாழ்த்து;
நாமென்றால் நூறு என்போம்.

பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருள்
நல்ல பிள்ளையாக
ஒரே சொல்லாக எழுதிவைத்தது.
குறிப்பைச் சரிபார்க்க வேண்டியவள் உல்லே.
பிழை பார்ப்பதே அவள் பிழைப்பு.
அன்று நூற்று நாற்பது டிக்கெட் பாக்கி,
மகனுக்கு நாலரைக்குப் பல் டாக்டர்.
பார்த்தாள். சிரித்தாள்.
அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை ரைவோ, விற்பனைப் பிரிவு,
"எங்கள் அடித்தளமே ஹச்சினர்ஜிதான்" என்றான்
ஸ்வீடன் வாடிக்கையாளரிடம்.
அவர் புருவம்கூட அசையவில்லை.
"நாங்கள் போன வருஷமே தொடங்கிவிட்டோம்."

பொய்க்குக் காலில்லை என்பார்கள்.
இதற்குச் சக்கரமே இருந்தது.

அளந்தார்கள். எதை என்று கேட்காதீர்கள்.
தாலின் அறுபத்திரண்டு சதவீதம்.
ரீகா கிளை அறுபத்தெட்டு என்று மின்னஞ்சல் வந்ததும்
தார்மோ முகம் சுண்டிப்போனது.
தன் மூக்கில் பிறந்த குழந்தை அது என்று
அவருக்கே நினைவில்லை.
சொல்லைப் பொறித்துக் கறுப்புக் கோப்பைகள் வந்தன.
கைப்பிடி சிறியது, விரல் நுழையாது.
சமையலறை மேலடுக்கில் இன்னும் நாற்பது கிடக்கின்றன.

ஹெல்சின்கியிலிருந்து கப்பலேறி
பயிற்சியாளர் பிர்க்கோ வந்தார்.
இரண்டு நாள் வகுப்பு, நான்கு வண்ண ஒட்டுத்தாள்.
முழு ஹச்சினர்ஜி,
பகுதி ஹச்சினர்ஜி,
ஹச்சினர்ஜிக்கு முந்தைய நிலை.

அந்த முந்தைய நிலை உல்லேவுக்குத் தெரியும்:
மூக்கு நமநமக்கும், கண் இடுங்கும்,
வாய் தானாகத் திறக்கும்.

காபி இடைவேளையில் மெல்லச் சொன்னாள்,
"அது தும்மல்."
பிர்க்கோ பரிவோடு தலையசைத்தார்.
"அப்படியும் ஒரு கோணம் உண்டு.
குழுவில் பகிருங்களேன்."
பகிர்ந்தாள்.
மஞ்சள் தாளில் 'தும்மல்' என்று எழுதி
'மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்ற கட்டத்தில் ஒட்டினார்கள்.
அழகான கையெழுத்து.

மார்ச்சில் மதிப்பீடு.
கண்டுபிடித்த பிழைகள்: முந்நூற்றுப் பதினொன்று.
நேரம் தவறாமை: நன்று.
ஹச்சினர்ஜி: மேம்பட வேண்டும்.
சம்பள உயர்வு ஒன்றரை சதவீதம்.

சண்டை போடலாம்தான்.
எந்த அகராதியைத் தூக்கிக்கொண்டு போவது?
தவிர,
அனுப்பியவள் அவள்தானே?
கையெழுத்துப் போட்டாள்.

நாலாம் எண் டிராம்.
ஈரக் கோட்டு நாற்றம்,
ஜன்னலுக்கு வெளியே சேறாகிப்போன பனி.
பின்னிருக்கையில் மீன்பையோடு ஒருவன்
கூரை அதிரத் தும்மினான்.

போனிலிருந்து கண்ணெடுக்காமலே
ஒரு பெண் "தெர்விசெக்ஸ்" என்றாள்.
பிறகு ஒரு பள்ளிக்கூடப் பையன்.
கொஞ்சம் தாமதமாக, டிக்கெட் பரிசோதகர்.

வழக்கதோஷம், உல்லே எண்ணினாள்.
அவனைத் தவிர பெட்டியில் பதினோரு பேர்.
வாழ்த்தியவர் மூவர்.
இருபத்தேழு சதவீதம்.

இறங்கும் இடம் வந்துவிட்டது.
படியில் கால் வைத்தவள் திரும்பி
அவளும் சொன்னாள்.

முப்பத்தாறு.