ஒண்ணும் ரெண்டும்

கெம்பராஜின் டிரம் செட்டை
ஞாயிறு மட்டும்தான் தொடலாம்.
மற்ற நாளில்
ஓசூர் - கிருஷ்ணகிரி பஸ்ஸில்
என் தொடைதான் ஸ்னேர்.

எண்ணும்போது ஒவ்வொன்றிலும்
ஒரு 'உம்' விழணும் என்றான்.
வலது கை எட்டுத் தட்டு.
இடது, ரெண்டிலும் நாலிலும்.
கால் ஒண்ணிலும் மூணிலும் மட்டும்.
ஆனால் கை போகும் இடமெல்லாம்
கூடவே ஓடுகிறது கால்,
கடைக்குக் கிளம்பினால் அழுகிற பிள்ளை மாதிரி.

சூளகிரியில் ஏறிய அம்மா,
மடியில் புதினாக்கட்டு,
"உடம்புக்கு என்னம்மா பண்ணுது?" என்றாள்.

"ஒண்ணும்..."

அங்கேயே பிடித்துக்கொண்டது.
ரெண்டும் மூணும் நாலும்
ஒண்ணும் ரெண்டும்

புதினாவோடு அவள்
ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

குருபரப்பள்ளியில் பஸ் குலுங்கி நிற்க
கால் மறுபடி
கையோடு சேர்ந்துகொண்டது.

நாலு சுற்று வந்தது.
இன்றைக்குப் புதன்தான்.