பயண நோக்கம்

இ-பாஸ் படிவத்தில் மூன்றே காரணங்கள்:
திருமணம், மரணம், மருத்துவம்.
பூஞ்சை பிடித்த காகிதத்துக்குக்
கட்டம் இல்லை.

செங்கோட்டையில் ஒரு பழைய உப்புக் கிடங்கு.
அதுதான் எங்கள் வட்டார வரலாற்றுக் கழகத்தின் காட்சிக்கூடம்.
மார்ச்சில் பூட்டினோம்.
கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள் என்பதால்
நான் பொருளாளர்,
பொருளாளர் என்பதால் சாவி என்னிடம்.
கையிருப்பு நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
மின்வாரியத்துக்கு ஊரடங்கு கிடையாது.

ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச்
சாரல் வந்தது.
அதன் நெற்றியில் யாரும்
கருவி வைத்துப் பார்க்கவில்லை.
சுவரில் ஊறிக் கிடந்த பழைய உப்பு
அதை வாசலிலேயே கைபிடித்து உள்ளே கூட்டிப் போனது.

திறந்தபோது
வருகைப் பதிவேட்டில் கடைசி ஆளாக ஒரு சிறுவன்:
"நன்றாக உள்ளது. ஃபேன் இல்லை."
கண்ணாடிப் பெட்டிக்குள்
கொல்லம் 1095-இன் போக்குச் சீட்டு,
பச்சையாய், மீசை முளைத்து.

அன்றிரவு கைபேசித் திரையில்
எங்களைப் போல ஒன்பது சின்னக் கூடங்கள்.
சித்தூர்க்காரருக்கு மைக் வேலை செய்யவில்லை,
அரைமணி நேரம் வாயசைத்தே அழுதார்.
எல்லோரும் பணம் கேட்டோம்.
புனலூர் ஷைனி மட்டும் கேட்டாள்:
"ஈர்ப்பம் எத்ர உண்டு?"
நாற்பத்தேழு வயதில் என்னிடம்
யாரும் ஈர்ப்பைப் பற்றிக் கேட்டதில்லை.
ஈரப்பதம் என்று புரிய
இரண்டு நிமிடம் ஆயிற்று.

அவளிடம் ஒரு பெட்டி தயாராக இருந்தது:
ஈரம் உறிஞ்சும் மணிகள், மெல்லிய தாள்,
இரண்டு தூரிகை, ஒரு ஈரமானி.
ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை.
நடுவில் புளியரைச் சோதனைச் சாவடி.

விண்ணப்பித்தேன்.
நோயாளி பெயர்: வேலாயுதம்.
சீட்டில் இருந்த பெயர்தான்.
வயது நூற்று முப்பத்திரண்டு;
கட்டம் இரண்டு இலக்கத்துக்கு மேல் வாங்கவில்லை.
முப்பத்திரண்டு என்றே போட்டேன்,
சீட்டில் உள்ளபடி.
நோய்: பூஞ்சை.
மறுநாள் பதில்: ஆவணம் போதாது.
ஐயா, நோயாளியே ஆவணம்தான்.

மைதீன் பிச்சை சிரித்தான்.
பாவூர்சத்திரத்துக் காய்கறியை
தினமும் அந்தப் பக்கம் ஏற்றுகிறவன்.
"எக்கா, தக்காளிக்கு பாஸ் உண்டு,
தாளுக்குத்தான் கெடையாது."

காலிக் கூடைகளுக்கு நடுவே வந்தது பெட்டி.
சாவடியில் ஒருவர் பொட்டலத்தைக் குலுக்கி
"என்னவே, உப்பா?" என்றாராம்.
உப்புக் கிடங்குக்குத்தான் என்றானாம் இவன்.
பொய் இல்லையே.

மூன்று ராத்திரி.
அவள் விரல் புனலூரில் அசைய
என் விரல் இங்கே அசைந்தது.
மெல்ல, மெல்ல, ஓரத்திலிருந்து, ஊதாதே.
சிக்னல் போனால் தூரிகையை அப்படியே
அந்தரத்தில் பிடித்தபடி நிற்பேன்.

முத்திரை போய்விட்டது, மீளவில்லை.
அதன் கீழே எழுத்து வந்தது:
தென்காசியிலிருந்து வந்தவன்,
பத்து நாள் நிறுத்தி வைத்தோம், பேதி இல்லை.
அன்றைக்குச் செங்கோட்டையே திருவிதாங்கூர்,
எல்லை ஊருக்குக் கிழக்கே நின்றது.
பின்னால் ஒருநாள்
எங்களைத் தாண்டி மலைப்பக்கம் போய்விட்டது,
சொல்லாமல் அல்ல, கெசட்டில் சொல்லிவிட்டு.

கடைசி வரி, நாலாவது ராத்திரி.
காரியம்: ஒன்றுமில்லை.

ஷைனி திரையில் இன்னொரு முறை வாசித்தாள்.
இருவரும் சும்மா இருந்தோம்.
பேதிக் காலத்தில், பத்து நாள் கொட்டகையில் கிடந்து,
ஒரு காரியமும் இல்லாமல்
ஒருவன் எல்லை கடந்திருக்கிறான்.
ஒரு குமாஸ்தா அதை எழுதி
அனுப்பியும் விட்டிருக்கிறான்.

மின்கட்டணம் இன்னும் கட்டவில்லை.
பெட்டிக்குள் தக்காளி வாசம்.
ஈரமானி ஐம்பத்தெட்டு காட்டுகிறது.

மைதீனின் சாவடி ரசீதையும் எடுத்து வை என்கிறாள் ஷைனி.
"இன்றைக்கே நகல் எடு.
அது சூட்டில் அச்சான தாள்,
இரண்டு வருஷத்தில் வெள்ளையாகிவிடும்."
நகல் கடை மூடியிருக்கிறது.
கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்:
வண்டி எண். நேரம். தக்காளி, நாற்பது கூடை.