ஒருவருக்கு எண்பது சொற்கள்

ஆண்டறிக்கையில் பதினான்காம் பக்கம் என்னுடையது.
என் பெயர் அதில் வராது.
ஆறு இயக்குநர்கள், ஆளுக்கு எண்பது சொற்கள்,
சாம்பல் திரைக்கு முன் ஒரு படம்.

புவன விஸ்தாவில் ஒன்பதாம் மாடி.
எங்களுக்குக் கீழே, இரண்டாம் மாடியில்,
ஈரல் செல்கள் உறைகுளிரில் தூங்குகின்றன.
நான் தூங்கி மூன்று நாளாகிறது.
வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

'முப்பது ஆண்டு அனுபவம்' என்று தொடங்குவது வழக்கம்.
எல்லாருக்கும் முப்பதுதான்.
கூட்டிப் பார்த்தேன், நூற்றெண்பது.
நூற்றெண்பது ஆண்டுக்கு முன்
இந்தத் தீவில் ஜாதிக்காய் போட்டார்கள்.
அவர்களுக்கும் அனுபவம் இருந்திருக்கும்.
மரங்கள் நோயில் போய்விட்டன.

ஆல்ட்ரின் டி குரூஸ், தலைவர், வங்கியாளர்.
கப்பல் கட்டக் கடன் கொடுத்துப் பழகியவர்.
மருந்தும் கப்பல்தான் என்பார்,
முடியும் வரை பணத்தை விழுங்கும்,
மிதக்குமா என்பது தண்ணீரில் இறக்கினால்தான் தெரியும்.
இதை எழுத முடியுமா?
'மூலதனச் சந்தைகளில் ஆழ்ந்த அறிவு' என்று போட்டேன்.

நோர்ஹிஷாம் கோழித் தீவனத்தில் பெரிய ஆள்.
கூட்டத்தில் அவர் ஒருவர்தான்
'இதை எங்கே காய வைப்பீர்கள்,
மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள்' என்று கேட்பார்.
'உணவுத் தொழில்நுட்பம்' என்று எழுதியதும்
கோழி காணாமல் போய்விட்டது.

குவெக் சியூ ஹூன், காப்புரிமை வழக்கறிஞர்.
'அல்லது' என்ற ஒரு சொல்லுக்காக
நான்கு ஆண்டு வழக்காடி வென்றவர் என்று கேள்வி.
நான் அனுப்பிய எண்பதில்
ஒரே ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டுத்
திருப்பி அனுப்பினார்.
அவர் செய்தது சரி. எனக்குத்தான் கோபம்.

பாசலில் ஒருவர், சோலில் ஒருவர்.
இருவரையும் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறேன்,
தோளுக்கு மேல்.

கடைசியாக டாக்டர் உமையாள் லெட்சுமணன்.
பட்டங்கள், பதக்கம், எடின்பரோவில் ஒரு கௌரவம்,
எல்லாம் எண்பதுக்குள் அடக்கியிருந்தேன்.
புதன்கிழமை அவரிடமிருந்து வந்தது:
'ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டாயே.
இதைச் சேர்த்துக்கொள்.
மருத்துவத் தலைவராக இருந்த நிறுவனத்தில்
மூன்றாம் கட்டச் சோதனை தோற்று நின்றது.
நிறுத்தும் கடிதத்தில் கையெழுத்திட்டார்.
இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளுக்குத் தெரிவிக்கப்பட்டது.
பிறகு நிறுவனம் மூடப்பட்டது.'

தலைவர் அதன் மேல் சிவப்புக் கோடு இழுத்தார்.
முதலீட்டாளர்கள் படிப்பார்கள், என்றார்.
நான் டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தேன்.
பின்னால் மருத்துவமனை லிஃப்டின் மணிச்சத்தம்.
'படிக்கட்டுமே. ஒரு மருந்து நிற்கிற நாளை
மற்ற ஐந்து பேரும் பார்த்ததில்லை.
பார்த்தவள் ஒருத்தி மேசையில் இருக்கிறாள் என்று
தெரிந்தால் என்ன?'
சொல்லிவிட்டு, யாரையோ
'முதலில் சாப்பிட்டுவிட்டு வாங்க' என்று அதட்டினார்.

எண்ணினேன். நூற்று மூன்று சொற்கள்.
பதக்கத்தை வெட்டினேன்.
எடின்பரோவை வெட்டினேன்.
'புகழ்பெற்ற' என்பது இரண்டு இடத்தில் இருந்தது.
சிவப்புக் கோட்டை மட்டும் நீக்கிவிட்டு
ஆறு பேருக்கும் ஒப்புதலுக்கு அனுப்பினேன்.
கை நடுங்கியது, கோப்பி ஓ காரணமாகவும் இருக்கலாம்.

முதல் பதில் குவெக்கிடமிருந்து.
'தோற்று' என்ற சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளி.
வேறு மாற்றம் இல்லை. இதுவே இறுதி வடிவம்.
எல்லாருக்கும் நகல் போயிருந்தது.
தலைவர் சாங்கியில் விமானம் ஏறும்போது
ஒற்றைச் சொல்லில் 'சரி' என்றார்,
படித்தாரா என்று நான் கேட்கவில்லை.

வியாழன் இரவு பதினொன்றுக்கு
அச்சுப்படி வந்தது.
படங்கள் நேராக இருந்தன.
எழுத்துருவும் பரவாயில்லை.
221 என்று போட்டிருந்தார்கள்.

காக்கி புக்கிட்டில் அச்சகத்துப் பையனை எழுப்பினேன்.
ஒன்பது பேர் அதிகம், என்றேன்.
'அக்கா, இதை யார் எண்ணப் போறா?'
212, என்றேன்.
மாற்றிவிட்டுப் படம் பிடித்து அனுப்பு,
பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போவேன்.