பதினேழாம் வினா

சுடுகலன் என்கிறது படிவம்.
நாங்கள் துவக்கு என்போம்.
எல்லாம் முடிந்த பிறகும்
அதற்கு அதே பெயர்தான்.

கச்சேரியில், விசிறிக்கு நேர்கீழே
பறக்கப் பார்க்கும் தாளை முழங்கையால் அமத்திக்கொண்டு
எழுதுகிறேன்.
பெயர்: கணபதிப்பிள்ளை பரஞ்சோதி.
தொழில்: இளைப்பாறிய சங்கக்கடை முகாமையாளர்.
காணி: மிருசுவில், பதினெட்டுப் பரப்புத் தென்னை.
தேவை: குரங்கு.

‘குரங்கு தேவையோ ஐயா?’
மேசைக்கு அப்பால் டிலக்சனா சிரித்தாள்.
பிறகு தானே வெட்டித் திருத்தினாள்:
பயிர்ப் பாதுகாப்பு.

இரண்டு நற்சாட்சி, கிராம சேவையாளர் கடிதம்,
பொலிஸ் அறிக்கை, கண் வைத்தியரின் துண்டு,
உறுதியின் பிரதி,
புத்தி பேதலிக்கவில்லை என்பதற்கு ஒரு முத்திரை.
நான் குறை சொல்லவில்லை.
இரும்பைக் கையில் எடுக்கிறவனை
இவ்வளவும் கேட்கத்தான் வேணும்.
ஒரு காலம் எங்கள் ஒழுங்கையில்
ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை.

பதினேழாம் வினா.
முன்னர் சுடுகலன் வைத்திருந்தீரா?
ஆமெனின், அது தற்போது எங்கே?
விடைக்கு ஒரு கோடு விட்டிருக்கிறார்கள்,
ஒரு சாண் வரும்.

எண்பத்தைந்து, ஆவணி.
வௌவாலுக்கென்று வாங்கிய ஒற்றைக்குழல்.
வருசத்துக்கு இருபத்தைந்து தோட்டா,
புத்தகத்தில் பதிந்து சிவப்புக் கோடு இழுப்பார்கள்.
நான் பத்தைத் தாண்டியதில்லை.
மாமரத்துக்கு மேலே வானத்தைச் சுடுவேன்.
வௌவால்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
அதே கொப்பில் வந்து தொங்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து ஒப்படை
என்றது பொலிஸ்.
வியாழன் இரவு பெடியள் வந்தார்கள்.
மூன்று பேர், இரண்டு சைக்கிள்.
ஒருவன் தயாபரன்.
கூப்பன் மட்டையோடு சங்கக்கடைக்கு வந்து
ரவை முடிஞ்சுதோ அண்ணை என்று கேட்கிறவன்.
அன்றைக்கும் ரவைதான் கேட்டான்.
வேறு ரவை.

‘பிறகு தருவம் அண்ணை.’
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன்
திரும்பும்போது இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனான்.
துவக்கு அவனுக்கு நீளம்.

வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு போன என்னை
ஒரு பகலும் ஓர் இரவும் வைத்திருந்தார்கள்.
என்னிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது.
அதுதான் குற்றம்.
ஊரில் அலைந்த அத்தனை துவக்கிலும்
பெயரும் விலாசமும் உள்ளது என்னுடையது மட்டும்.

இரண்டாயிரத்தில் ஓடும்போதும்
காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்களோடு
அந்தப் புத்தகத்தையும் கொண்டுதான் ஓடினேன்.
ஏன் என்று யோகராணி கேட்டாள்.
திருப்பித் தந்தால் பதிய வேணுமே என்றேன்.
பகிடி என்று நினைத்தாள்.

தயாபரனின் தாய் அன்னரத்தினம்
வேறொரு கந்தோரில் வேறொரு படிவத்தோடு இருந்ததை
ஒருமுறை கண்டேன்.
அங்கேயும் ஒரு கோடு.
அங்கேயும் ‘தற்போது எங்கே’.
கண்ணாடி கொண்டுவரவில்லை,
நீங்களே நிரப்பித் தாங்கோ தம்பி என்றா.
பேனையை வாங்கினேன். அதற்குள்
அவவின் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பதினெட்டாம் வினா சுகம்.
பட்டி, உறை, துப்புரவுக்கோல் முதலிய
உதிரிப்பொருள் எதுவும் உம்மிடம் உண்டா?
உண்டு.
பெடியள் மறந்துவிட்டுப் போன தோட்டாப் பட்டி.
இருபத்தைந்து வளையத்திலும்
யோகராணி நூற்கட்டை செருகியிருக்கிறாள்.
ஊதா மட்டும் இரண்டு.
பொலிஸ் வந்து எண்ணட்டும்.

‘பதினேழு வெறுமையாக் கிடக்கு ஐயா.
தெரியாது எண்டு போடுங்கோ, காணும்.’
நல்ல பிள்ளை. நேரமும் நாலாகிவிட்டது.
திங்கட்கிழமை வாறன் என்று
தாளை நாலாய் மடித்தேன்.

கொடிகாமத்தில் இறங்கி
இரண்டு பெட்டி சீனவெடி வாங்கினேன்.
முதல்நாள் குரங்குகள் ஓடின.
இரண்டாம் நாள் பக்கத்துக் காணிவரை.
மூன்றாம் நாள் ஒரு கடுவன்
வட்டுக்குள் குந்தியிருந்து
திரி எரிந்து முடியும்வரை என்னையே பார்த்தது.
வெடித்தது.
பிறகு குரும்பையைத் திருகத் தொடங்கியது.