கழிகள் முப்பத்தொன்று

அகதெஸில் காலை ஒன்பது மணிக்கே
டேப்லெட் சூடேறித் தன்னை அணைத்துக்கொள்கிறது.
பல்கிஸா அதைத் தண்ணீர்ப் பானையின் வயிற்றில்
சாய்த்து வைத்துக் காத்திருக்கிறாள்.
படிவத்துக்கு ஆயிரத்து இருநூறு பிராங்க்.
இது இன்றைக்கு இரண்டாவது.

எதிரே பாயில் கிஸ்ஸா.
முன்பு ஓட்டுநர்.
சட்டத்தில் ஒரு பிரிவு வந்தபின் கடத்தல்காரர்.
அந்தப் பிரிவை எடுத்தபின் யாரென்று
ஒருவரும் வந்து சொல்லவில்லை.

முதன்மைத் தொழில்?
விவசாயம், கால்நடை, வணிகம், அரசு ஊழியம், மற்றவை.
“வழி தெரியும்.”
அது தொழில் இல்லையே என்கிறாள்.
“தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்.”

அடுத்த கேள்வியில் ‘மீள்திறன்’ என்று இருக்கிறது.
பிரெஞ்சில் இருப்பது ஹவுஸாவில் இல்லை.
விழுந்தால் எழுந்துவிடுவீர்களா என்று கேட்டு வைக்கிறாள்.
“தள்ளிவிட்டது யார் என்பது
எத்தனையாவது கேள்வி?”

சொத்துகள்.
பிக்கப் ஒன்று: முகாம் மதிலோரம், டயரில்லாமல்,
போன ரமலானில் பார்த்தது.
ஆடு நான்கு.
கழிகள் முப்பத்தொன்று.
கழிகளா?

வண்டி விளிம்பில் கால் தொங்க அமர்ந்தவர்கள்
தொடைகளுக்கிடையே செருகிப் பிடித்துக்கொள்ளும் கழிகள்.
இப்போது ஆட்டுப்பட்டிக்கு வேலி.
எழுந்துபோய் ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறாள்.
நுனி மட்டும் வழவழப்பு.
பொருள்வயின் பிரிந்த கைகள்
மூன்று பகல் மூன்று இரவு
விடாமல் பற்றித் தேய்த்த வழவழப்பு.

வேலிக்குள் சாக்கு சுற்றித் தைத்த தண்ணீர்க் கேன் ஒன்று.
மார்க்கர் எழுத்தில்: ஒசாரோ, பெனின் சிட்டி.
இது எப்படி உங்களிடம்?

கிஸ்ஸா தேநீரை உயரத்திலிருந்து ஊற்றுகிறார்.
முதல் கிளாஸ், கசப்பு.
இரண்டாவது.
மூன்றாவது வந்த பிறகுதான்
“திரும்பி வரும்போது வண்டியில்
அது மட்டும் உருண்டுகொண்டிருந்தது” என்றார்.

கட்டத்தில் அறுபது எழுத்துக்கு மேல் ஏறாது.
கேன், 1 என்று அடித்தாள்.

செப்டம்பரில், மழை பெய்யும் வேறொரு ஊரில்
யோரிஸ் தரவுகளைச் சுத்தம் செய்தான்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வரிசைகளில்
ஒன்று இடறியது. மின்னஞ்சல் போட்டான்:
கழி என்றால் விறகுதானே?
இல்லை, என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.
மின்னஞ்சலுக்குக் கூலி கிடையாது.
விறகு என்ற பத்தியைத் தவிர
அவனிடம் வேறு பத்தியும் கிடையாது.

மறுவருடம், இரண்டாம் சுற்று.
ஆடுகள் தெருவில் அலைகின்றன.
வேலி இருந்த இடத்தில் வரிசையாகக் குழிகள்.
எண்ணினாள், முப்பத்தொன்று.
கேனையும் காணோம்.

கிஸ்ஸாவின் மனைவி தம்மா கதவைத் திறந்தாள்.
குடும்பத் தலைவர் எங்கே?
முகவாயை வடக்கே நீட்டிக் காட்டினாள்.
எப்போது வருவார்?
முகவாயை இறக்கவில்லை.

இந்நேரம் யோரிஸின் திரையில்
விறகுக் கோடு
பூச்சியத்துக்கு இறங்கியிருக்கும்.
எரிபொருள் நெருக்கடி என்று எழுதுவான்.
அக்கறையோடுதான் எழுதுவான்.